நஸீஹத்தும் உந்துதலும்: அரசின் நலவாழ்வுப் பரப்புரைகள் குறித்து ஒரு மதிப்பீடு

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் பாடம் நடத்துவோர் அனைவரும் ‘நஸீஹத்’ என்னும் சொல்லை விளக்க வேண்டிய நாள் ஒன்று வரும். மார்க்கத்தின் சாரமாக நஸீஹத்தைச் சுட்டும் நபிமொழி, தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதற்கு விரிவுரை கண்ட இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தமக்கு முற்பட்ட இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்களின் கருத்தை எடுத்துக்காட்டி, இச்சொல்லுக்கு இரு வேர்ப்பொருள்களைத் தருகிறார்கள். ஒன்று, துணியைத் தைத்தல். மற்றொன்று, தேனிலிருந்து மெழுகை நீக்கித் தூய்மையாக்கல்.

குன்னத்தூரில் வசிக்கும் நமக்கு முதற்பொருளை விளக்குவதில் என்றுமே சிரமம் இருந்ததில்லை. நம் மாணவர்களில் பலர் பனியன் கம்பெனித் தையற்காரர்களின் பிள்ளைகள். கிழிசலைக் கண்டவர் அதை ஊரறியக் காட்டிக்கொண்டிராமல் ஊசியைக் கையில் எடுப்பதே நஸீஹத் என்றால், அவர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. இரண்டாம் பொருள், சொல்லின் தூய்மையைக் குறிப்பது. அறிவுரையில் பொய்யோ, மறைப்போ, சொல்பவரின் தன்னலமோ கலந்திருக்கலாகாது என்பதே மெழுகு நீக்கிய தேன் உணர்த்தும் பாடம்.

மக்களின் உடல்நலம் கருதி அரசுகள் சொல்லும் அறிவுரைகளை இவ்விரு பொருள்களையும் அளவுகோலாகக் கொண்டு மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிக்கையில் ஒரு துஆ

அண்மைக் காலமாக அரசுகள் அறிவுரை வழங்கும் முறையில் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. மனிதர்கள் எப்போதும் நன்மை தீமைகளைக் கணக்கிட்டு முடிவெடுப்பதில்லை. பழக்கம், சோம்பல், அச்சம், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் ஆகியவற்றால் நடத்தப்படுகிறார்கள் என்பது நடத்தை அறிவியலின் அடிப்படை. ரிச்சர்ட் தேலர், காஸ் சன்ஸ்டீன் ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட ‘நட்ஜ்’ என்ற நூல் இதனை ஆட்சியாளர்களின் மேசைக்குக் கொண்டு சேர்த்தது. சட்டம் போட்டுத் தடுக்காமலும் தண்டம் விதிக்காமலும், தெரிவுகளை அடுக்கிவைக்கும் முறையாலேயே மக்களை நல்வழிக்கு மெல்ல நகர்த்தலாம் என்பது அந்நூலின் கொள்கை. தமிழில் இதனை ‘உந்துதல்’ எனலாம். 2010-இல் பிரிட்டிஷ் அரசு இதற்கென ஒரு தனிக்குழுவையே அமைத்தது. 2017-இல் தேலருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் இக்கொள்கைக்கு அரசின் முத்திரை கிடைத்தது 2019 ஜூலையில். அப்போது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 2018-19ஆம் ஆண்டுக்கான பொருளாதார ஆய்வறிக்கை, ஓர் இயலை முழுமையாக உந்துதலுக்கென ஒதுக்கியது. தூய்மை இந்தியா இயக்கமும் பெண்குழந்தைகளைக் காக்கும் திட்டமும் இக்கொள்கையின் வெற்றிகளாக அதில் எடுத்துக்காட்டப்பட்டன. நிதி ஆயோக்கில் இதற்கென ஒரு பிரிவு வேண்டும் என்றும் பரிந்துரைக்கப்பட்டது.

அந்த இயலில் நம்மைப் போன்ற அரபு ஆசிரியர்களை நிறுத்திவைக்கும் ஓர் இடம் உண்டு. வரி செலுத்தும் வழக்கத்தை வளர்க்கச் சமய நம்பிக்கைகளையும் பயன்படுத்தலாம் என்று கூறும் அறிக்கை, கடனோடு இறப்பது பாவம் என்னும் கருத்தை இந்து சமயத்திலிருந்தும், இஸ்லாத்திலிருந்தும், பைபிளிலிருந்தும் எடுத்து அடுக்குகிறது. இஸ்லாத்தின் சார்பில் அங்கு இடம்பெற்றிருப்பது, பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாப்புத் தேடி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓதிய துஆ. இந்திய அரசின் நிதித்துறை ஆவணம் ஒன்றில் நபிகளாரின் துஆ இடம்பெற்றது கண்டு நம்மவர் சிலர் மகிழ்ந்ததும் உண்டு.

எனினும் அந்த ஹதீஸ் அவ்வளவோடு முடியவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள அந்த நிகழ்ச்சியில், கடனிலிருந்து இத்தனை முறை பாதுகாப்புத் தேடுகிறீர்களே, ஏன் என்று ஒருவர் கேட்கிறார். கடன்பட்டவன் பேசும்போது பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறுசெய்கிறான் என்பது நபியவர்கள் தந்த விடையின் கருத்து. ஆக, துஆவின் மையம் பணம் அன்று, வாய்மை. கடன் மனிதனின் வாக்கைக் கெடுத்துவிடும் என்பதே அங்குள்ள அச்சம்.

அறிக்கை துஆவை எடுத்துக்கொண்டு அதன் காரணத்தை விட்டுவிட்டது. வரி ஏய்ப்பை நாம் நியாயப்படுத்துவதாக யாரும் கொள்ள வேண்டாம். குடிமகன் செலுத்த வேண்டியதைச் செலுத்தியே ஆகவேண்டும். சமயச் சொற்களை அரசு பயன்படுத்துவதையும் நாம் குறைகூறவில்லை. நம் ஆட்சேபம் வேறு. வாய்மையைப் பற்றிய ஒரு நபிமொழியை, வாய்மையை அகற்றிவிட்டு, ஒரு கருவியாக மட்டும் கையாள முடிந்தது என்றால், அக்கருவிகளைச் செய்பவர்களிடம் ஏதோ ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது. அது என்ன என்பதை நலவாழ்வுப் பரப்புரைகளிலேயே கண்டுகொள்ளலாம்.

உந்துதலில் உள்ள நன்மை

ஒன்றைக் குறைகூறு முன் அதன் நிறையைக் கூறுவது நீதி. மனித மனத்தின் பலவீனத்தை அறிந்து, படிப்படியாக அழைத்துச் செல்வது நம் மரபுக்குப் புதிதன்று. மதுவிலக்கு ஒரே நாளில் இறங்கவில்லை. முதலில் அதன் தீமை நன்மையை விஞ்சியது என்று உணர்த்தப்பட்டது. பின்னர் தொழுகை வேளையில் விலக்கப்பட்டது. அதன் பின்னரே முற்றாகத் தடுக்கப்பட்டது. ‘தத்ரீஜ்’ என்று சட்ட அறிஞர்கள் இதனைக் குறிப்பர். இலகுவாக்குங்கள், சிரமப்படுத்தாதீர்கள் என்னும் கருத்துடைய நபிமொழியும் இதே வழியைச் சார்ந்தது.

இராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் ‘சேவா மந்திர்’ என்னும் தொண்டு நிறுவனத்துடன் இணைந்து செய்த அவ்வாய்வு 2010-இல் வெளியாயிற்று. வழக்கமான ஏற்பாடு மட்டுமே இருந்த ஊர்களில் தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்றிருந்த குழந்தைகள் நூற்றுக்கு 6. மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் அது 18 ஆயிற்று. அம்முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசிகளும் முடிந்தபின் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39 ஆயிற்று.

இவ்வாய்வைப் பேசுவோர் பெரும்பாலும் பருப்பைப் பற்றியே பேசுவர். நாம் நடு எண்ணைக் கவனிக்க வேண்டுகிறோம். செவிலியர் சொன்ன நாளில் வந்தார், ஊசி இருந்தது என்ற உறுதி ஒன்றே 6-ஐ 18 ஆக்கிற்று. அம்மாவட்டத்தில் அதுவரை துணைச் சுகாதார மையங்கள் பல நாட்கள் பூட்டிக் கிடந்தன. கதவைத் திறந்து வைத்த பிறகு கொடுத்த பருப்பு பலனளித்தது. பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டு மக்களின் மனப்பான்மையை ஆராய்ந்திருந்தால் எந்தப் பலனும் விளைந்திராது.

கிழிசலைக் காட்டுதல்

தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்டது. கழிப்பறை கட்டுவதோடு பழக்கத்தையும் மாற்ற வேண்டும் என்ற அதன் நோக்கம் சரியானதே. இதற்காக ஊர்தோறும் இலட்சக்கணக்கான தன்னார்வலர்கள் நியமிக்கப்பட்டனர். அதனால் நன்மையும் விளைந்தது. ஆனால் சமூகத்தின் பார்வை என்னும் உந்துதல் பல இடங்களில் அவமானப்படுத்துதலாக மாறிற்று. வெளியே ஒதுங்கச் செல்வோரைப் பின்தொடர்ந்து விசில் ஊதுவதும், படம் பிடிப்பதும், பெயரை அறிவிப்பதும் வட மாநிலங்கள் பலவற்றில் நடந்தன. 2019 செப்டம்பர் 25-ஆம் நாள், மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டம் பாவ்கேடி கிராமத்தில், திறந்தவெளியில் மலங்கழித்ததாகக் கூறி தலித் சிறார் இருவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதற்கு ஒரு வாரம் கழித்து, கிராமப்புற இந்தியா முழுவதும் திறந்தவெளிக் கழிப்பு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அக்கொலையின் வேர் சாதிக் கொடுமை என்பதில் ஐயமில்லை; பரப்புரை எழுதியவர்கள் மீது அப்பழியைச் சுமத்த நாம் முன்வரவில்லை. ஆயினும், பிறரின் அவமானத்தைக் கருவியாக்கும்போது அக்கருவி யார் கைக்குப் போய்ச் சேரும், யார் மீது முதலில் பாயும் என்பதை ஆட்சியாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டிருப்பவன்மீதுதான் அது பாயும்.

இதே பொருளில் மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வாசகர்கள் அறிவார்கள். பாலைவன அரபியர் ஒருவர் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கினார். தோழர்கள் அவர்மீது பாய எழுந்தனர். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். அவர் முடிக்கும்வரை விடச் செய்தார்கள். ஒரு வாளித் தண்ணீரை அவ்விடத்தில் ஊற்றச் சொன்னார்கள். பின்னர் அவரை அழைத்து, பள்ளிவாசல் எதற்குரியது என்பதை விளக்கினார்கள். நாம் மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கும்போது வரிசையைக் கவனிக்கச் சொல்வது வழக்கம். முதலில் கூட்டத்தின் கோபம் அடக்கப்பட்டது. அடுத்துத் தண்ணீர் வந்தது. அறிவுரை மூன்றாவதாக, தனியே, மென்மையாக வந்தது. தைத்தல் என்னும் பொருளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாளும் பதினெட்டாம் நாளும்

2020-ஆம் ஆண்டின் நினைவு நம் சமுதாயத்தில் இன்னும் ஆறவில்லை. தில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் கூட்டத்துக்குச் சென்றுவந்தோரில் பலருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டிருந்தது உண்மை. அவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் தேடிக் கண்டறிவது மருத்துவக் கடமை. ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலும் அது நடந்தது. அதை நாம் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரல் 8-ஆம் நாள் ஓர் அறிவுரையை வெளியிட்டது. நோய் பரவியதற்கு எந்தச் சமூகத்தையும், எந்தப் பகுதியையும் காரணமாக முத்திரை குத்தக் கூடாது என்று அதில் கூறப்பட்டிருந்தது. பழி சுமத்தினால் நோயாளிகள் ஒளிந்துகொள்வர், நோய் மேலும் பரவும் என்னும் நடத்தை அறிவியல் பாடமே அதன் அடிப்படை. அது மிகச் சரியான அறிவுரை.

பத்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 18-ஆம் நாள், அதே அமைச்சகத்தின் செய்தியாளர் சந்திப்பில், நாட்டில் அதுவரை கண்டறியப்பட்ட 14,378 தொற்றுகளில் 4,291, அதாவது நூற்றுக்கு 29.8, ஒரு குறிப்பிட்ட ஜமாஅத்தின் கூட்டத்தோடு தொடர்புடையவை என்று கணக்குக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அது 84 விழுக்காடு என்றும் சொல்லப்பட்டது.

எண்கள் பொய்யல்ல; ஆனால் மெழுகு கலந்த தேன். ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் அனைவரையும் தேடிப்பிடித்துப் பரிசோதித்து, மற்றையோரில் மிகச் சிலரையே பரிசோதித்த நாட்கள் அவை. தேடிய இடத்தில்தான் கிடைக்கும். அந்த விழுக்காடு நோயின் பரவலைக் காட்டியதைக் காட்டிலும் தேடலின் திசையையே அதிகம் காட்டிற்று. இவ்விளக்கம் எண்ணோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தால், எத்தனையோ தெருக்களில் தள்ளுவண்டிப் பழவியாபாரியின் பெயரைக் கேட்டு விரட்டியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுச் சுகாதாரத்துறை அம்மாதத்திலேயே கூட்டத்தின் பெயரை விட்டு, ஒரே மூலத்திலிருந்து பரவிய தொற்று எனப் பொருள்படும் சொல்லுக்கு மாறியதை இங்கு நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஒரு சொல்லை மாற்றியதும் ஒரு தையல்தான்.

பின்னர் அவ்வாண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள், மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டவர் 29 பேர் மீதான வழக்குகளை இரத்து செய்து, அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதைக் கண்டித்தது. 70 இந்தியர்கள் மீதான வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் இரத்து செய்தபோது 2025 ஜூலை ஆகிவிட்டது. எட்டாம் நாளின் அறிவுரையை எழுதியவர்களும் பதினெட்டாம் நாளின் கணக்கைக் கொடுத்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். மக்களின் நடத்தையை மாற்றும் அறிவியல் ஆள்வோரின் நடத்தையைத் தொடவில்லை.

ஊசி இல்லாத அறிவுரை

2021 கோடையில், யாரைத் தொலைபேசியில் அழைத்தாலும் முதலில் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் குரலே கேட்டது. அதே நாட்களில் தடுப்பூசிக்குக் கடும் தட்டுப்பாடு. நம் பகுதியிலும் டோக்கனுக்காக விடியுமுன்பே வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பியவர்கள் ஏராளம். இருப்பே போதாதபோது மக்களைப் போட்டுக்கொள்ளச் சொல்லி எத்தனை நாள் இப்படித் தொலைபேசியில் நச்சரிப்பீர்கள் என்று தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு மே 13-ஆம் நாள் மத்திய அரசைச் சாடியது.

ஊசி வந்த பிறகும் சிலர் போகவில்லை. அவர்களைத் ‘தயக்கம் உள்ளவர்கள்’ என்று ஒரே சொல்லில் அடக்கினர். நமக்குத் தெரிந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர், நடுத்தர வயதுப் பெண்மணி, ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்பவர். அவரை நாமும் தயக்கக்காரராக எண்ணி, தடுப்பூசி மார்க்கத்துக்கு முரணன்று என்று நீளமாக எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஹஜ்ரத், ஊசிக்கு ஆருங்க பயந்தாங்க? ரெண்டு நாள் காச்சல் அடிச்சா ரெண்டு ஷிப்ட் போயிருமுங்க. அப்புறம் வாடகைக்கு எங்க போறதுங்க?”

திருப்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் கூலி என்பது ஷிப்டுக் கணக்கு அல்லது பீஸ் ரேட். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாரக் கடைசியில் கணக்கு நேராகும். அவருக்குத் தேவைப்பட்டது சம்பளத்தோடு இரண்டு நாள் ஓய்வு. அதை விட்டுவிட்டு அவர் மனத்துக்கு மருந்து தேடிய பிழையை அரசு மட்டும் செய்யவில்லை, நாமும் செய்தோம். அன்று நாம் சொன்னதில் பொய் இல்லை. எனினும் கிழிசல் இருந்த இடம் வேறு.

நம் பக்கத்துப் பிழை

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் அஞ்சினர். குறித்த நாளில் முடியாமல் இயக்கம் நீட்டிக்கப்பட்டது. நம் சமுதாயத்திலும் அந்த அச்சம் இருந்தது. ஆதாரமற்ற செய்தியைப் பிறருக்கு அனுப்பியவர்களில் ஜும்ஆவில் முன்வரிசையில் அமர்வோரும் இருந்தனர். தீர விசாரிக்காமல் செய்தியைப் பரப்புவதைக் கண்டிக்கும் திருவசனத்தை நன்கறிந்த நாம், அவ்வாரம் அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டோம்.

இந்த அவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77-ஆம் ஓராண்டில் மட்டும், நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் வற்புறுத்தல் எவ்வளவு என்பது பலரும் அறிந்ததே. ஒரு தலைமுறைக்குப் பின் உத்தரப்பிரதேச முஸ்லிம்கள் போலியோ சொட்டு மருந்தைக் கருத்தடை மருந்தென ஐயுற்றதன் பின்னணி அதுவே. காய்ச்சலுக்கு வராத மருத்துவர் சொட்டு மருந்துக்கு மட்டும் வீடு தேடி வருகிறாரே என்ற கேள்வியும் அவர்களுக்கு இருந்தது. அங்கு நிலை மாறியது விளம்பரத்தால் மட்டும் அன்று. அந்தந்தத் தெருவின் பெண்களே வீடுவீடாகச் சென்றனர். இமாம்கள் பள்ளிவாசலில் அறிவித்தனர். அலிகர், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகங்கள் துணைநின்றன. பின்னாளில் சுகாதாரம், வயிற்றுப்போக்குச் சிகிச்சை போன்றவையும் சொட்டு மருந்தோடு சேர்க்கப்பட்டன. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரசால் எக்குழந்தையும் முடங்கவில்லை. 2014 மார்ச் 27-ஆம் நாள் அதற்குச் சான்றும் கிடைத்தது.

உண்மையைச் சொல்லும் துணிவுக்கு நம் முன்னோரிடமே முன்மாதிரி உண்டு. இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் கொள்ளைநோய்க்குத் தம் பெண்மக்களைப் பறிகொடுத்தவர்கள். ‘பத்லுல் மாஊன்’ என்னும் தம் நூலில், ஹிஜ்ரி 833-இல் கெய்ரோவில் நடந்ததைப் பதிவு செய்கிறார்கள். நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோர் இறந்துகொண்டிருந்த வேளையில் மக்கள் நோன்பு நோற்றுப் பாலைவெளியில் திரண்டு பிரார்த்தித்தனர். அம்மாதம் முடிவதற்குள் இறப்பு நாளொன்றுக்கு ஆயிரத்தைக் கடந்தது. பிரார்த்தனையின் மீது அசையாத நம்பிக்கை கொண்ட ஒரு முஹத்திஸ், கூட்டம் கூடியதன் விளைவை எண்ணிக்கையோடு எழுதிவைக்கத் தயங்கவில்லை. மக்கள் மனம் சோர்வடையும் என்று அவர் அதை மறைக்கவும் இல்லை.

இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல்

ஓர் அரசு தன் உந்துதலை மக்கள் முன் வெளிப்படையாக நியாயப்படுத்த இயலாது எனில் அதைக் கையாளவே கூடாது என்று தேலரும் சன்ஸ்டீனும் தம் நூலில் ஒப்புக்கொண்டுள்ளனர். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே குவித்த வணிகரிடம் அண்ணலார் கேட்டதும் இதே கேள்விதான்: ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பது. ஆட்சியாளர் குடிகள் மீது எடுக்கும் நடவடிக்கை அவர்களின் நலனோடு பிணைக்கப்பட்டது என்பது ஃபிக்ஹின் ஏற்கப்பட்ட விதி. நலன் இன்னதென்பதை முடிவுசெய்ய, குடிகளின் மனத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அவர்களின் கூலியையும் குழாய்த் தண்ணீரையும் ஆராய வேண்டும்.

எனவே சுகாதாரத்துறையினர் அடுத்த முறை மிம்பரின் உதவியை நாடி வரும்போது நாம் மறுக்கலாகாது. ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பெற வேண்டும். நாங்கள் அறிவிக்கப்போவதில் சொல்லாமல் விட்டது ஏதேனும் உண்டா? அறிவிப்பைக் கேட்டு எழுந்து வருபவருக்கு அங்கே கதவு திறந்திருக்குமா? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தபின் முழுமனத்தோடு அறிவிப்போம். நம் மஹல்லாக்களும் தம் பங்குக்கு ஒன்றைச் செய்யலாம். ஊசி போட்டுக் காய்ச்சலில் படுக்கும் கூலித் தொழிலாளியின் இரண்டு நாள் ஷிப்டுக் கூலியை பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். குன்னத்தூர் போன்ற சிற்றூரில் அது பெருந்தொகை ஆகாது. அப்படிக் கொடுத்த பிறகு நாம் ஆற்றும் உரை இரண்டு நிமிடம் போதும்.